சீனத்துப் பெண் எங்கள் வீட்டில் தங்கிய கிழமை

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு மேசையில் இருந்தவர்கள் இவர்கள்.

முதலாளி. பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லாசப்பலில் நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடை அவருடையது. யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

முதலாளியின் மனைவி. பட்டுச் சேலை. கைப்பையை மடியிலேயே வைத்திருந்தார்.

என் மனைவி. அவள் இருக்கவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

என் மகள். பதினாலு வயது.

சீனத்துப் பெண். இருபத்திரண்டு வயது. டென்னிஸ் விளையாடுவதுதான் அவளுக்குத் தொழில்.

நான்.

வேறு ஒருவரும் இல்லை. ஆனபடியால் நடந்ததை மாற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை. முதலாளியும் அவர் மனைவியும் இன்னும் இந்தத் தெருவில்தான் நடக்கிறார்கள்.

சீனத்துப் பெண் எங்களிடம் வந்த விதம் இப்படி. மகள் நகரசபை மைதானத்தில் டென்னிஸ் பழகினாள். வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு குறைவு. நீச்சலுக்கு இடம் இல்லை என்றார்கள், இதற்கு இடம் இருந்தது, விட்டோம். அவ்வளவுதான். ஒபர்வில்லியேக்கு அங்கால் ஒரு கிளப்பில் இளவேனில் தொடக்கத்தில் பெண்களுக்கு ஒரு போட்டி வைப்பார்கள். தொழிலாக விளையாடுகிறவர்கள், ஆனால் பெயர் எடுக்காதவர்கள், பல நாட்டில் இருந்தும் வருவார்கள். ஹோட்டலுக்கு அவர்களிடம் காசு இருக்காது. வீட்டில் ஒரு கட்டில் தரக்கூடிய குடும்பங்களைக் கிளப் தேடும். மகள் எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

மனைவி தலையில் கை வைத்தாள்.

“இஞ்சையோ? இஞ்சை நாங்கள் திரும்பிப் படுக்கவே இடமில்லை.”

“என்ரை கட்டிலைக் குடுக்கிறன் அம்மா. ஒரு கிழமைதானே.”

“வாறவள் என்ன தின்னுவாள், என்ன குடிப்பாள் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“மனிசர் தின்னுறதைத்தான் தின்னுவாள்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். எங்கள் வீட்டுக்கு வெளியாள் ஒருவர் வந்து தங்கினது இல்லை. வந்த ஆட்களும் தங்கினது இல்லை.

திங்கட்கிழமை வந்தாள். எனக்கு அன்று லீவு. மெத்ரோ வாசலில் போய் நின்றேன். முதுகில் றக்கெட் பை, அவளைவிடப் பெரிது. கையில் உருளும் பெட்டி. பெட்டியைக் கேட்டேன், தரவில்லை. நாலு மாடியும் தானே தூக்கினாள். பிறகு திரும்ப இறங்கிப்போய், சுப்பர்மார்க்கெட்டில் ஆறாறு தண்ணீர்ப் போத்தலாகக் கட்டினதில் இரண்டு கட்டு வாங்கி, தோளில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது. நல்ல தண்ணீர்.

மனைவி முதலில் தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிறவருக்கு அதுதானே முதல். அவள் சிரித்தாள், கையை ஆட்டினாள், தன் போத்தலைக் காட்டினாள். பெட்டியைத் திறந்தாள். சோறு அவிக்கச் சின்ன மின்சாரப் பானை ஒன்று. அரிசி. தனக்கு ஒரு கோப்பை. தனக்கு இரண்டு குச்சி. எல்லாம் தனக்குத் தனக்கு.

இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி கோழிக்கறி வைத்திருந்தாள். பெண் அறைக்குள் தன் சோற்றை அவித்துச் சாப்பிட்டாள். கோப்பையைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

மகள் அவளோடு இங்கிலீசில் கதைத்தாள். கதைத்ததை எங்களுக்குச் சொன்னாள். சீனாவின் நடுப்பக்கத்தில் ஒரு மாகாணம். ஆறு வயதில் விளையாட்டுப் பள்ளிக்கூடத்தில் விட்டார்களாம். கை நீளம் என்று டென்னிஸ். வீட்டுக்கு வருசத்தில் ஒருதரம். மாகாண அணி சாப்பாடு போட்டது, பயிற்சி கொடுத்தது, வென்ற காசில் பெரிய பங்கை எடுத்தது. பத்தொன்பதில் அணியை விட்டுத் தனியாக வந்துவிட்டாள். அவளுடைய அப்பா லொறி ஓட்டுகிறார். மூன்று வருசத்துக்குக் காசு தருவேன் என்றார். மூன்றாவது வருசம் ஓடிக்கொண்டிருந்தது. துருக்கி, தாய்லாந்து, உஸ்பெகிஸ்தான் என்று தனியாகத் திரிந்து சின்னப் போட்டிகளில் விளையாடினாள். பயிற்சியாளர் இல்லை. றக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதும் அவளேதான். உடுப்பைக் குளிக்கும்போதே தோய்ப்பாள்.

“பாரிசிலை மே மாதம் பெரிய போட்டி இருக்கெல்லோ அப்பா,” என்றாள் மகள். “அதுக்கு முன்னாலை தெரிவுப் போட்டி. அந்தப் பட்டியலிலை பேர் வந்தால் இவளின்ரை அப்பா இன்னும் காசு குடுப்பாராம். வராட்டி வீட்டை போகவேணும்.”

“எப்பிடி வரும்?”

“இஞ்சை இறுதி ஆட்டத்துக்குப் போனால் புள்ளி கிடைக்கும். அப்ப வரும். இதுதான் கடைசிப் போட்டி. வாற கிழமை பட்டியலைப் பூட்டிடுவினம்.”

எனக்கு உடனே விளங்கியது. அகதி விண்ணப்பம் போட்டுப் பெயர் வருமா வராதா என்று இருந்தவனுக்குப் பட்டியல் என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து அவள் வெல்ல வேண்டும் என்று எனக்கும் இருந்தது. சத்தியமாக இருந்தது.

அவள் செவ்வாய் வென்றாள். வியாழன் வென்றாள். வெள்ளி காலையும் வென்றாள். சனி காலை அரையிறுதி. அதில் வென்றால் போதும்.

ஆனால் போத்தல் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் அதைத் திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றிப் பார்ப்பாள். யாரும் தொட்டார்களா என்று பார்ப்பது போல. மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால், வந்து அந்தப் போத்தலை ஊற்றிவிட்டுப் புதிது எடுப்பாள். எங்கள் கை பட்டிருக்குமே.

இனி எழுதப்போவதை எழுத மனம் இல்லை. எழுதாவிட்டால் வாசிக்கிறவருக்கு விளங்காது.

ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணீர்க் கடையில் கிளாஸ் இல்லை. போத்தலில் ஊற்றித் தருவார்கள். வெளியில் நின்று குடிக்க வேண்டும். நான் குடித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பெரிய ஆட்கள் வந்தால், என்னைப் பெத்த அய்யா என்னைச் சோடா வாங்கக் கடைக்கு ஓட விடுவார். மூடி திறக்காத சோடா மட்டும்தான் அவர்களுக்கு ஆகும். அவர்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். எங்கள் பேணி, எங்கள் தண்ணீர் ஆகாது. அய்யா சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அது என் முகத்திலும் இருக்கிறது என்று பிறகு கண்டேன்.

மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று மனைவியும் நானும் அவள் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவு எடுத்தோம்.

ஆகவே சீனத்துப் பெண் ஏன் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்று மகளிடம் கேட்க என்னால் முடியவில்லை. கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். மனைவியிடமும் கேட்கவில்லை. மனைவியும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் போத்தலைப் பார்த்தோம், பிறகு வேறு பக்கம் பார்த்தோம். சீனத்தில் இருந்து வந்தவளுக்கு நாங்கள் யார் என்று எப்படித் தெரியும் என்று ஒரு புத்தியுள்ளவன் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. அது யோசனைக்குள் வருகிற விசயம் இல்லை.

முதலாளிக்குத் தெரியும். நான் வேலைக்குப் போன முதல் நாள் “எந்த ஊர்?” என்று கேட்டார். சொன்னேன். “ஊரிலை எவடம்?” என்று கேட்டார். சொன்னேன். “ஆ, சரி,” என்றார். அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருசம் என் கையால் சமைத்ததைக் கடையில் சாப்பிட்டார். கடையில் சாப்பிடுவது வேறு, என் வீட்டில் சாப்பிடுவது வேறு. சம்பளம் ஒழுங்காகத் தந்தார். எனக்கு விசாவுக்குக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன்.

அந்த வெள்ளி பின்னேரம், மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை பூட்டியிருந்த நேரம், தன் மகள் பெரியபிள்ளையானதுக்கு வைக்கும் சாமத்தியவீட்டுக்குச் சொல்ல வந்தார். நேரில் வந்து சொல்லாவிட்டால் வரமாட்டோம் என்று நினைத்தாரோ, சாப்பாட்டு வேலைக்கு நான் வேண்டும் என்று நினைத்தாரோ. மனைவி உழுந்து வடை சுட்டாள். பயத்தம் பணியாரம் வைத்தாள். பிறகு கீழே இறங்கிப்போய் கோலா ரின் நாலு வாங்கிவந்து மேசையில் வைத்தாள்.

நான் அந்த ரின்களைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணை, வடை எடுங்கோ.”

“ஐயோ தம்பி, இப்பதான் சாப்பிட்டிட்டு வாறம். வயித்திலை இடமில்லை.”

“அப்ப தேத்தண்ணி?”

“வேண்டாம் வேண்டாம். இது காணும்.” ரின் ஒன்றை எடுத்தார். கைக்குட்டையால் மேல்பக்கத்தைத் துடைத்தார். தானே திறந்தார்.

“அக்கா நீங்கள்?” என்றாள் மனைவி.

“நான் வெள்ளி விரதம், தங்கச்சி.”

வடை அப்படியே ஆவி பறந்துகொண்டு இருந்தது.

அப்போது அறைக்குள் இருந்து சீனத்துப் பெண் வெளியே வந்தாள். காலை ஆட்டத்துக்குப் பிறகு இருமல் பிடித்திருந்தது. மகள் கதிரை இழுத்துப் போட்டாள். பெண் எல்லோருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அதில் இருந்தாள். கையில் போத்தல்.

“என்ன தம்பி, வீட்டிலை ஒலிம்பிக் நடக்குதோ?” என்றார் முதலாளி.

“டென்னிஸ், அங்கிள். நாளைக்கு அரையிறுதி.” மகளுக்குப் பெருமை.

“சீனாவோ? கராத்தே தெரியுமோ இவவுக்கு?”

“கராத்தே யப்பான், அங்கிள்.”

“எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. கண்ணைப் பார்.”

“சும்மா இருங்கோப்பா,” என்றார் முதலாளியின் மனைவி. ஆனால் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெண் திரும்ப இருமினாள். நெஞ்சுக்குள் இருந்து வரும் இருமல். மனைவிக்குப் பொறுக்கவில்லை. குசினிக்குள் போனாள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர் அடுப்பில் இருந்தது. பெண்ணுக்கென்றே மத்தியானம் காய்ச்சினது. எங்கள் வீட்டில் இருந்த நல்ல வெள்ளி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவள் முன் வைத்தாள்.

“குடி பிள்ளை. நாளைக்கு இருமல் நிண்டிடும்.”

பெண் டம்ளரைப் பார்த்தாள். இரண்டு கையையும் சேர்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். நன்றி என்றாள். பிறகு தன் போத்தலின் மூடியைச் சுற்றிப் பார்த்து, திறந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் குடித்தாள்.

முதலாளி கோலா ரின்னை மேசையில் வைத்தார். சிரித்தார்.

“பாத்தீரே தம்பி. சீனாக்காரிக்கும் ஆரோ சொல்லிப்போட்டினம் போலை.”

பகிடிதான். அவர் பகிடி விடுகிற மனிதர்.

முதலாளியின் மனைவி கைப்பையின் பூட்டைப் பார்த்தார். மகள் “என்ன சொன்னவை?” என்று கேட்டாள். “என்னத்தை, அங்கிள்? ஆர் சொன்னவை?”

நான் எழும்பினேன். மேசையைச் சுற்றிப் போனேன். முதலாளியின் கதிரைக்குப் பின்னால்தான் போக வேண்டும். அவரைத் தாண்டிப் போனேன். பெண்ணின் கையில் இருந்த போத்தலைப் பறித்தேன். டம்ளரை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினேன்.

“குடி,” என்றேன்.

“அப்பா!”

“குடிக்கச் சொல்லு. எங்கடை வீட்டிலை படுக்கலாம், குடிக்க ஏலாதோ? குடிக்காட்டி வெளிக்கிடச் சொல்லு. இப்பவே.”

என் சத்தத்தில் மனைவி குசினிக் கதவைப் பிடித்தாள். மகள் அழத் தொடங்கிவிட்டாள், இங்கிலீசில் ஏதோ சொன்னாள், பாதிதான் சொன்னாள். பெண் என் முகத்தைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. கணக்குப் பார்க்கிற பார்வை. நாளைக்கு ஆட்டம். இரவுக்கு ஒரு கட்டில் வேண்டும். இந்த ஊரில் அவளுக்கு வேறு ஒருவரையும் தெரியாது.

டம்ளரை வாங்கினாள். மூச்சு விடாமல் முழுக்கக் குடித்தாள். வெறும் டம்ளரை மேசையில் வைத்து, மனைவியைப் பார்த்து “தாங்க் யூ” என்றாள். எழும்பிக் குளியலறைக்குப் போனாள்.

சுவர் மெல்லிய சுவர். விரலை விட்டு வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஒருதரம் இல்லை. வயிற்றில் ஒன்றும் மிச்சம் இல்லாமல் போகும்வரைக்கும் கேட்டது. நாங்கள் அவ்வளவு பேரும் மேசையைச் சுற்றி இருந்து கேட்டோம்.

முதலாளி எழும்பினார். அழைப்பு அட்டையை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சரி தம்பி. ஆறரைக்குக் கடைக்கு வாரும்.”

அவர்கள் போன பிறகு மகள் என் முன்னால் வந்து நின்றாள். பிரெஞ்சும் தமிழுமாக வந்தது. பிரெஞ்சை விட்டு எழுதுகிறேன்.

“நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு தெரியுமே? விளையாடுறவையளை எந்த நேரமும் வந்து சோதிப்பினம். சலம் எடுத்துப் பாப்பினம். கூடாத மருந்து ஏதும் இருந்தால் இரண்டு வருசம் விளையாட ஏலாது. தெரியாமல் குடிச்சன் எண்டால் கேக்கமாட்டினம். இவளோடை படிச்ச ஒருத்தி ஆரோ மாமி காய்ச்சிக் குடுத்த வேர்த் தண்ணி குடிச்சவள். அவள் இப்ப கடையிலை நிக்கிறாள்.”

“கொத்தமல்லியிலை என்ன பிள்ளை இருக்கு?” என்றாள் மனைவி. மெதுவாகத்தான் கேட்டாள்.

“எனக்குத் தெரியும். அவளுக்கு எப்பிடித் தெரியும்? அந்தப் பக்கெற்றிலை எழுதியிருக்கிறது முழுக்கத் தமிழ். அவள் ஆர் தந்தாலும் குடிக்கமாட்டாள். தன்ரை அம்மா தந்தாலும் குடிக்கமாட்டாளாம். முதல் நாளே எனக்குச் சொன்னவள்.”

“எங்களுக்கு ஏன் சொல்லேல்லை நீ?”

“நீங்கள் ஏன் கேக்கேல்லை?”

நான் ஆறரைக்குக் கடைக்குப் போனேன். வெங்காயம் வெட்டினேன். முதலாளி வழக்கம்போல் கடைசியில் சாப்பிட வந்தார். அன்று நண்டுக்கறி. “உறைப்பு அளவாய்ப் போட்டிருக்கிறீர், நல்லாயிருக்கு,” என்றார். “ஓம் அண்ணை,” என்றேன்.

அவள் அன்று பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள். வயிறு எடுக்கவில்லையாம்.

சனி காலை முதலாளிக்குப் போன் எடுத்து, மத்தியானம் பிந்தித்தான் வருவேன் என்றேன். அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

“ஏன், ஏதும் சுகமில்லையோ?”

“டென்னிஸ் பாக்கப் போறன்.”

“டென்னிஸோ?” என்றார். பிறகு “சரி” என்றார்.

பஸ்ஸில் மகள் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. முன்னால் பெண்ணோடு இருந்தாள். நான் பின்னால் நின்றேன்.

கூரை போட்ட பெரிய கொட்டகை அது. உள்ளே குளிர். இருந்து பார்க்கிற வாங்குகளில் சனம் இல்லை, கிளப் ஆட்கள் கொஞ்சப் பேர். எதிராளி உயரமான பெண், சேர்பியா என்றார்கள். அவளோடு பயிற்சியாளரும் தாயும் வந்திருந்தார்கள். எங்கள் பெண்ணுக்கு மகளும் நானும்தான்.

டென்னிஸ் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் ஒருவன் களைத்து வேலை செய்வது எனக்குத் தெரியும். முதல் செட்டை அவள் வென்றாள். அடிக்கிற அடியில் பந்து நிலத்தில் பட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. மகள் எழும்பிக் கத்தினாள். நானும் எழும்பினேன். இரண்டாவது செட்டின் நடுவில் கால் வரவில்லை. பந்து வரும் இடம் தெரிகிறது, தலை திரும்புகிறது, கால் பிந்துகிறது. இடைவேளையில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தாள். தோள் இருமலில் குலுங்கியது. வாழைப்பழம் ஒன்றை உரித்தாள், ஒரு கடி கடித்தாள், துவாய்க்குள் துப்பினாள்.

மூன்றாவது செட்டில் எதிராளி அவளை அங்கும் இங்கும் ஓடவைத்தாள். அவள் எல்லாவற்றுக்கும் ஓடினாள். விட்டுக்கொடுக்கவில்லை. முடிவாகப் போன பந்துக்கும் ஓடினாள். அதைப் பார்க்க முடியாமல் நான் நிலத்தைப் பார்த்தேன். கிட்டக்கிட்ட வந்துதான் தோற்றாள்.

கை கொடுத்துவிட்டு, றக்கெட்டுகளைப் பைக்குள் வைத்துவிட்டு, எங்களிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. மகளைக் கட்டிப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலை குனிந்து ஏதோ சொன்னாள்.

மகளைக் கேட்டேன்.

“என்ன சொல்லுறாள்?”

“தான் தோத்துப் போனதுக்கு மன்னிக்கட்டாம். நீங்கள் வேலையை விட்டிட்டு வந்தனீங்களாம்.”

ஞாயிறு காலை போனாள். படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். வடக்கு ஸ்டேசன் வரைக்கும் நான் கூடப் போனேன். இந்தமுறை பெட்டியைத் தந்தாள். ரயிலடியில் மகளிடம், “நான் செய்தது பிழை எண்டு சொல்லு,” என்றேன்.

“நீங்களே சொல்லுங்கோ.”

எனக்கு இங்கிலீசில் தெரிந்தது கொஞ்சம். “சொறி,” என்றேன். அவள் வேகமாகத் தலையாட்டி, “நோ, நோ, சொறி, சொறி,” என்றாள். அவளும் சொன்னாள். அவள் சொல்லத் தேவையில்லை. கதவு மூடியது.

அறையில் கட்டிலுக்குக் கீழே திறக்காத தண்ணீர்ப் போத்தல்கள் மிச்சம் கிடந்தன. யாரும் குடிக்கவில்லை. மனைவி அவற்றை யன்னல் பூச்செடிக்கு ஊற்றி முடித்தாள்.

அன்று பின்னேரம் மகள் தாயிடம் கேட்டாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். அந்த அங்கிள் என்ன பகிடி விட்டவர், அப்பாவுக்கு ஏன் கோபம் வந்தது என்று. மனைவி முதலில் சுற்றிச் சுற்றிச் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். போத்தல், சோடா, எவடம் என்ற கேள்வி, எல்லாம். பதினாலு வருசம் காத்தது அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்ப அந்த அங்கிள் ரின் குடிச்சது அதுக்குத்தானோ?”

“ஓம்.”

“அது தெரிஞ்சுதான் அம்மா ரின் வாங்கி வைச்சவவோ?”

“ஓம்.”

“நாளைக்கு ஆட்டம் எண்டு தெரிஞ்சும், அவர் செய்ததுக்கு நீங்கள் அவளை ஏசினனீங்கள்.”

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

“அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை.”

“இல்லை,” என்றேன்.

அவள் கதவைச் சாத்தவில்லை. திறந்தபடி விட்டுவிட்டுப் போனாள். சாத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் அந்த வேலையை விட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. சாமத்தியவீட்டுக்குச் சமைத்தேன். மண்டபத்தின் பின்கதவால் சட்டிகளை இறக்கினேன். பிறகு கை கழுவி, உடுப்பு மாற்றி, முன்கதவால் போய் மனைவியோடு மேடையில் நின்று படம் எடுத்தேன். மகள் வரவில்லை. தலையிடி என்று சொன்னோம்.

பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. பெயர் இல்லை என்று மட்டும்தான் மகள் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளுடைய தொழில் எப்படிப் போனது என்று நான் தெரிந்து வைத்திருக்கிறேன். கடைக்கு அரிசி கொண்டுவரும் பொடியன் என் போனில் ஆட்ட முடிவுகள் பார்க்கும் இடத்தைக் காட்டித் தந்தான். அவள் பெயர் இங்கிலீசில் எப்படி இருக்கும் என்று படம் மாதிரி மனதில் வைத்திருந்தேன். முதல் ஒன்றரை வருசம் அந்தப் பெயர் எங்கும் இல்லை. அவள் திரும்பத் தன் மாகாண அணிக்கே போய்விட்டாள் என்று மகள் தாய்க்குச் சொன்னாள். விட்டுவிட்டு வந்த இடத்துக்குத் திரும்பப் போவது என்ன என்று எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் பெயர் வந்தது. சீனாவில் ஏதோ ஒரு ஊர்ச் சின்னப் போட்டி. முதல் ஆட்டத்தில் தோல்வி. அடுத்ததில் வெற்றி. அதிலும் பிறகு தோல்வி. மூன்று நாலு வருசம் அப்படியே போனது. மேலே வருவாள், இறங்குவாள். இந்தப் பக்கம் வரவில்லை. காசு இல்லையோ, அணி விடவில்லையோ. அவள் நாட்டுப் பெண்கள் வேறு சிலர் பெரிய இடத்துக்கெல்லாம் போனார்கள். கடையில் டிவியில் காட்டும்போது முதலாளி, “தம்பி, உம்மடை வீட்டிலை நிண்டவளோ?” என்று கேட்பார். “இல்லை அண்ணை,” என்பேன். உங்கள் பகிடியால்தானே நான் அவளைக் குடிக்க வைத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அந்தப் பகிடியை மறந்திருப்பார். அவருக்கு அது ஒரு பகிடி.

பாரிஸ் பட்டியலில் அவள் பெயர் ஒருநாளும் வரவில்லை. மே மாதம் வரும்போதெல்லாம் பார்த்தேன்.

பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை. பிறகு விட்டுவிட்டாள். இப்போது தன் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். மகளுக்கு இடைக்கிடை படம் அனுப்புவாள். தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், அவள் ஓரத்தில் நிற்பாள். கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறாள். மகள் அந்தப் படங்களைத் தாயிடம் காட்டுவாள். மேசையில் வைத்துக் காட்டுவாள், நான் எட்டிப் பார்த்தால் மறைக்கமாட்டாள்.

மகளுக்கு இப்போது வேலை இருக்கிறது. தனி வீடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். என்னோடு நன்றாகத்தான் கதைப்பாள். என் முழங்காலுக்கு டொக்டரிடம் நாள் எடுத்துத் தருவதும் அவள்தான். ஆனால் அந்தக் கிழமையைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அவள் கதைத்தால் நான் கேட்பேன் என்று இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மனைவி கடைக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்தோம். நான் கேட்டேன்.

“பிள்ளை, அந்த வருசப் பட்டியல். கடைசியாய் உள்ளுக்குப் போனவளுக்கும் இவளுக்கும் எத்தினை புள்ளி வித்தியாசம்?”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உதை ஏன் இப்ப கேக்கிறீங்கள்?”

“தெரியவேணும்.”

“அந்த ஒரு ஆட்டத்தை வெண்டிருந்தால் அதைவிடக் கூடக் கிடைச்சிருக்கும், அப்பா.”

“அது தெரியும். எத்தினை?”

அவள் போனை எடுக்கவில்லை. எங்கேயும் தேடிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நாலு.”